பொதுப்பை: பாளையங்கோட்டை நாட்குறிப்பு

27 ஏப்ரல் 2025, ஞாயிறு

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் பெந்தெகொஸ்தே பண்டிகை வரை, முதல் சபையின் வரலாற்றைச் சொல்லும் வேதாகம நூலான அப்போஸ்தலர் நடபடிகளை வாசிப்பதென்று முடிவாயிற்று. எருசலேம் விசுவாசிகள் காணியாட்சிகளையும் ஆஸ்திகளையும் விற்று, அவரவர் தேவைக்குத் தக்கபடி பகிர்ந்துகொண்டதைப் பிரசங்கங்கள் பெரும்பாலும் அன்பின் சித்திரமாகவே காட்டுகின்றன. எனக்கு அதில் தென்படுவது ஓர் ஏற்பாடு: கொண்டுவருவது யார், பொறுப்பில் வைப்பது யார், யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது யார் என்ற கேள்விகளுக்கு அவர்கள் விடை கண்டாக வேண்டியிருந்தது. நாங்களும் ஒரு பொதுப்பை வைப்போம் என்று சொன்னேன். மறுப்பு எழவில்லை, உற்சாகமும் எழவில்லை.

4 மே, ஞாயிறு

ஓய்வுபெற்ற ஆசிரியரான அண்ணாச்சி ஒருவர், "ஓய்வூதியம் முழுவதையும் போட்டுவிட வேண்டுமா?" என்று நேராகவே கேட்டார். நிலத்தை விற்று ஒரு பங்கை மறைத்துவைத்த அனனியாவின் கதையே அதற்குப் பதில் தருகிறது. நிலம் விற்குமுன் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்றபின்பும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுரு கேட்கிறார். அவன்மேல் வந்த குற்றம் பணத்தை வைத்துக்கொண்டதற்காக அன்று, முழுவதையும் கொடுத்துவிட்டதாகக் காட்டிக்கொண்டதற்காகவே. கி.பி. 197 வாக்கில் கார்த்தேஜில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனும், சபையாரில் மாதம் ஒருமுறை, மனமும் வசதியும் உள்ளவர்கள் மட்டும், கட்டாயமின்றிக் கொடுக்கிறார்கள் என்றும், அது ஏழைகளைப் போஷிக்கவும் அடக்கம்பண்ணவும் அநாதைப் பிள்ளைகளைப் பராமரிக்கவும் செலவாகிறது என்றும் குறிப்பிடுகிறார். ஆகவே எங்கள் கவர்களில் பெயர் எழுதுவதில்லை என்று தீர்மானித்தோம். அன்பளிப்புச் செய்த மின்விசிறியின் இறக்கையிலும் பெயர் பொறிக்கும் நம் ஊரில் இது சிறிய தீர்மானம் அன்று.

11 மே, ஞாயிறு

எல்லாவற்றையும் விற்றுத் தின்றதால்தான் எருசலேம் சபை பிற்பாடு பிற சபைகளின் உதவியை எதிர்பார்க்க நேர்ந்தது என்று ஒரு தம்பி வாதிட்டான். இதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேதத்தில் அப்படிக் காணோம். ரோமப் பேரரசன் கிலவுதியு இராயனின் நாட்களில் உண்டான பஞ்சத்தை நடபடிகளே குறிப்பிடுகிறது; அந்தியோகியா சபையார் தங்கள் திராணிக்குத் தக்கதாக உதவி அனுப்பியதும் அதற்காகவே.

பேச்சு அசனத்தின் பக்கம் திரும்பியது. ஆண்டுக்கொருமுறை ஊரே ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் நம் அசனம் அருமையான வழக்கம். ஆனால் முதல் விசுவாசிகள் வீடுகள்தோறும் அப்பம் பிட்டார்கள். கோவில் வளாகத்துப் பந்தியில் அருகருகே அமர்வதும், இன்னொருவர் வீட்டு அடுப்பில் வெந்ததை அவர் நடுவீட்டில் அமர்ந்து உண்பதும் ஒன்றல்ல. பெண் எடுப்பதும் கொடுப்பதும் இன்றும் பெரும்பாலும் சாதிக்குள்ளேயே நடக்கும் சபைகளில், இந்த வேறுபாட்டை எல்லோரும் அறிவோம், யாரும் பேசுவதில்லை. கொரிந்து சபையில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் குடித்து வெறித்திருந்ததைப் பவுல் கண்டித்ததும் பந்தியைப் பற்றித்தான். இனி கூட்டம் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் நடக்கும். அந்த வீட்டுச் சோற்றையே எல்லோரும் உண்ண வேண்டும், கடைப் பொட்டலம் கூடாது. பொதுப்பையைவிட இதற்குத்தான் தயக்கம் அதிகம் இருந்தது.

18 மே, ஞாயிறு

வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவரை அழைக்கலாமா என்று பேச்சு வந்தது. 'திதாகே' என்னும் பழைய சபை ஒழுங்கு நூல், வழிவரும் ஊழியர் ஒருநாள், தேவையானால் இரண்டு நாள் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. வாசித்துக் காட்டியபோது எழுந்த சிரிப்பில் அழைப்பு கைவிடப்பட்டது.

8 ஜூன், பெந்தெகொஸ்தே

எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பகிர்வில் விடப்பட்டபோது, முறுமுறுப்பை அடக்காமல் ஏழு பேரை அந்தப் பணிக்கென்றே நியமித்தார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறைபட்டவர்களின் பக்கத்திலிருந்தே பொறுப்பாளரைத் தேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதன்படி எங்கள் கணக்கை, வீட்டுவேலை செய்து பிழைக்கும் விதவையான அக்கா ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவர் முதலில் எழுப்பிய கேள்வி, தெருமுனையில் பூ விற்கும் அம்மாளின் மருந்துச் செலவைப் பற்றியது. அவர் நம் சபையார் அல்லரே என்றார் ஒருவர். கலிலேயர் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று 362-இல், கிறிஸ்தவர்களைக் கலிலேயர் என்று அழைத்த ரோமப் பேரரசன் யூலியான் சலித்துக்கொண்டதை நான் நினைவூட்டினேன். அக்காவோ அதற்குள் தொகையை எழுதிவிட்டிருந்தார். அடுத்த கூட்டம் அவர் வீட்டில்.