எடை பொய் சொல்லும்போது: பீனால்–நீர் கொத்துகளின் அகச்சிவப்பு நிறமாலை

திரவ நீரின் அகச்சிவப்பு நிறமாலையில் 3000 முதல் 3700 செ.மீ⁻¹ (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை, அதாவது அலையெண்) வரை பரந்து கிடக்கும் ஒற்றை மேட்டைப் பார்த்து, எந்த ஹைட்ரஜன் பிணைப்பு (ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனோடு கொள்ளும் ஈர்ப்பு) எவ்வளவு வலுவானது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை தெரிந்த நீர் மூலக்கூறுகள் ஒட்டிய சிறு கொத்துகளை வெற்றிடத்தில் உருவாக்கி ஆராய்கிறார்கள். ஹீலியம் போன்ற மந்த வாயுவோடு கலந்த ஆவியை நுண்துளை வழியாக வெற்றிடத்துக்குள் பீறிடச் செய்தால், அது விரிவடையும் வேகத்தில் மூலக்கூறுகளின் சுழற்சி சில கெல்வின் அளவுக்குக் குளிர்ந்துவிடுகிறது. மோதல்கள் ஓய்வதற்குள் உருவான கொத்துகள் அதன்பின் குலையாமல் பறக்கின்றன.

பறப்பவை மிகச் சிலவே என்பதால், அவை விழுங்கும் ஒளியை நேரடியாக அளப்பது கடினம். இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு எப்போதுமே வியப்பளிப்பது. பீனாலோடு, அதாவது ஆக்சிஜன்–ஹைட்ரஜன் (ஓ–ஹெச்) தொகுதி ஒட்டிய பென்சீன் வளையத்தோடு, ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த கொத்தை எடுத்துக்கொள்வோம். 275 நானோமீட்டரைச் சற்றுத் தாண்டிய புறஊதா லேசர் துடிப்பு அதை இரண்டு ஒளியன்களால் அயனியாக்க, பீனாலின் 94-உம் நீரின் 18-உம் சேர்ந்து நிறை நிறமாலைமானியில் 112 என்ற எடையில் ஒரு சைகை வரும். அந்தத் துடிப்புக்குச் சில பத்து நானோவினாடி முன்பாக ஓர் அகச்சிவப்புத் துடிப்பைச் செலுத்தி, அதன் அலையெண்ணை மெல்ல மாற்றிக்கொண்டே போனால், அது கொத்தின் ஏதாவதோர் அதிர்வோடு பொருந்தும் இடத்தில் அடிநிலையில் (மிகக் குறைந்த ஆற்றல் நிலையில்) உள்ள கொத்துகள் குறைந்து, அயனிச் சைகை பள்ளமாக இறங்குகிறது. பள்ளங்களின் வரிசையே நிறமாலை.

எடையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்: இரண்டு நீர் மூலக்கூறுகள் உள்ள கொத்து அயனியானதும் ஒன்றை உதிர்த்துவிட்டு அதே 112-இல் வந்து நிற்கக்கூடும். ஒவ்வொரு கொத்தும் தனக்கேயுரிய புறஊதா அலைநீளத்தில் உட்கவர்வதால், ஆளை அடையாளம் காட்டுவது அந்த அலைநீளத்தின் தேர்வுதான். ஒரே அணுக்கள் வேறு வேறு வடிவில் அமைந்த, ஒரே எடையுள்ள மாற்றியங்களையும் இப்படிப் பிரித்துவிடலாம்.

தனித்த பீனாலின் ஓ–ஹெச் நீட்சி அதிர்வு 3657 செ.மீ⁻¹-இல் இருக்கிறது. ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்ததும் அது 3524-க்கு இறங்கிவிடுகிறது. பீனால் தன் ஹைட்ரஜனை நீரின் ஆக்சிஜனுக்கு நீட்டுவதால் ஓ–ஹெச் பிணைப்பு சற்று நீண்டு தளர்ந்திருக்கிறது என்பதே இதன் பொருள். நீரின் இரண்டு நீட்சி அதிர்வுகளோ தனித்த நீருக்குரிய 3657, 3756 ஆகியவற்றிலிருந்து சிறிதே நகர்ந்துள்ளன. ஆகவே இங்கே நீர் ஏற்பி, கொடையாளி அன்று. இரண்டாவது நீர் மூலக்கூறு சேரும்போது மூன்றும் வளையமாகக் கைகோக்க, பீனாலின் அதிர்வு 3390-க்கு அருகே விழுகிறது. பிணைப்புகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும் இந்தக் கூட்டுறவு விளைவை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் அளவீடுகள் குறைவு.

ஆய்வகத்தில் இடைஞ்சலாக வருவதும் நீரே. லேசர் கடந்து வரும் வழியில் காற்றிலுள்ள ஈரப்பதம் 3600-க்கு மேல் கூர்மையான கோடுகளாக ஒளியை விழுங்கிவிடுகிறது. அந்த அலையெண்களில் கொத்தைச் சென்றடையும் ஒளியே குறைவதால், உண்மையான ஒரு பள்ளம் நடுவே பிளந்து இரண்டு பள்ளங்களாகத் தோன்றலாம். ஒளிப்பாதையை மூடி உலர் நைட்ரஜனைச் செலுத்துவது அதற்காகத்தான். அதே கோடுகளின் இடம் துல்லியமாகத் தெரியும் என்பதால், அலையெண்ணைச் சரிபார்க்கவும் அவையே உதவுகின்றன.

கொத்து பெரிதாகும்போது விளக்கம் சிக்கலாகிறது. ஆறு நீர் மூலக்கூறுகள் கூண்டாகவும் பட்டகமாகவும் திறந்த புத்தகம் போன்ற வடிவிலும் அமையக்கூடும், 0.37 கெல்வினில் உள்ள ஹீலியம் துளிகளுக்குள் வளையமாகவும் கண்டிருக்கிறார்கள். இவற்றின் ஆற்றல்கள் மிக நெருங்கியவை. ஒவ்வொரு வடிவத்துக்கும் கோட்பாட்டால் கணித்த அதிர்வெண்களை ஓர் எண்ணால் பெருக்கிச் சரிசெய்து, பின் சோதனைக் கோடுகளோடு ஒப்பிடுவது வழக்கம் என்பதால், ஒரே ஒரு கோடு பொருந்திவிட்டது என்று வடிவத்தை முடிவு செய்யும் கட்டுரைகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன். பிணையாத ஓ–ஹெச் கோடுகளின் எண்ணிக்கையும் இடமும் சேர்ந்து பொருந்தினால்தான் அந்த வடிவத்தை ஏற்கலாம்.