சிவனொளிபாதமலையிலிருந்து இறங்குதல்: இந்தப் பருவத்துக் குறிப்புகள்

இலங்கையின் யாத்திரை மலையான சிவனொளிபாதமலைக்குப் போய் வந்தவர்கள் ஏற்றத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். 2,243 மீற்றர் உயரமுள்ள அந்த மலையில், நல்லதண்ணிப் பாதை வழியாக ஏறத்தாழ 5,500 படிகளை இரவில் ஏறி, விடியலுக்கு முன் உச்சியை அடைவது பெரிய காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சில பருவங்களாக நான் இறக்கத்தையே தனியாகக் கவனித்துப் பழகி வருகிறேன். இரவில் ஏறும்போது கண்ணுக்குத் தெரிவது முன்னால் செல்பவரின் குதிகாலும், மேலே வளைந்து வளைந்து செல்லும் மின்விளக்கு வரிசையும் மட்டுமே. நாம் எந்தக் காட்டின் ஊடாக, எந்த ஓடையைக் கடந்து, எந்தச் சரிவின் விளிம்பில் வந்தோம் என்பதை இறங்கும்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறோம்.

இறங்குவது இலகு என்பது பாதி உண்மைதான். மூச்சுக்கும் இதயத்துக்கும் அது இலகு, தொடைக்கு இலகுவன்று. ஏறும்போது சுருங்கி உடலைத் தூக்கும் முன்தொடைத் தசை, இறங்கும்போது உடலின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. அப்படி நீளும்போது தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதம்தான், மறுநாளும் அதற்கடுத்த நாளும் வீட்டுப் படிகளில்கூட இறங்க முடியாமல் செய்யும் வலிக்குக் காரணம். எனினும் தசை இதை விரைவில் கற்றுக்கொள்கிறது. ஒருமுறை இத்தகைய உழைப்புக்கு உட்பட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே உழைப்பை மிகக் குறைந்த வலியுடன் தாங்கும். அதனால்தான் இம்முறை பயணத்துக்கு முந்தைய வாரங்களில் வீட்டு மாடிப்படியில் நின்று, ஒரு காலில் பாரத்தை வைத்து, மற்றக் காலை மிக மெதுவாகக் கீழ்ப்படிக்கு இறக்கும் பயிற்சியைச் செய்துவந்தேன். ஏறும் பயிற்சியைக் கூட்டவில்லை.

அதன் பலன் உச்சியை விட்டுப் புறப்பட்ட உடனேயே தெரிந்தது. சூரியன் எழுந்து, மேற்கே பள்ளத்தாக்கின் மீது மலையின் கூம்பு நிழல் விழுந்து, அது மெல்லக் குறுகத் தொடங்கியதும் கூட்டம் படிகளை நோக்கி நகர்கிறது. இத்தனையாவது முறை வந்திருக்கிறோம் என்பதை மணியடித்து அறிவிப்பவர்களின் ஒலி பின்னால் கேட்டுக்கொண்டேயிருக்கும். உச்சியை அடுத்த பகுதிதான் மிகச் செங்குத்தானது. கைப்பிடிக் கம்பிகள் இருந்தாலும் படிகளின் உயரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. அங்கே நான் பின்பற்றும் முறை எளியது: புறப்படுமுன் சப்பாத்தின் நாடாவைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டுவேன், விரல்கள் முன்னே சென்று முட்டாமலிருக்க. முழங்காலை முழுமையாக நீட்டாமல் சிறிது மடக்கியே வைத்து, அடிகளைக் குறுக்கிக்கொள்வேன். உயரமான படியில் சற்றுப் பக்கவாட்டாகத் திரும்பி, ஒருமுறை வலக்காலையும் மறுமுறை இடக்காலையும் முதலில் இறக்குவேன். இவை பழகியபின் கண்ணைக் காலடியிலேயே பதித்திருக்க வேண்டிய தேவை குறைகிறது. நான் முன்னேற்றம் என்று கருதுவது இதைத்தான். நேரத்தைக் குறைப்பதில் எனக்கு நாட்டமில்லை.

நிமிர்ந்து பார்க்க முடிந்ததால், காற்றில் முறுக்கேறிக் குள்ளமாய் நிற்கும் மேகக்காட்டு மரங்களையும், அவற்றின் பாசி படர்ந்த கிளைகளையும், இடையிடையே ரொடோடென்ட்ரன் மரங்களின் செந்நிறப் பூக்களையும் நின்று பார்த்தேன். நடுங்கிக்கொண்டு சூரியனுக்காகக் காத்திருந்த உடம்பு, இறங்க இறங்க வெப்பத்தை உணர்கிறது; முதலில் கம்பளித் தொப்பி, பிறகு கழுத்துத் துணி, பிறகு மேற்சட்டை என ஒவ்வொன்றாகப் பைக்குள் போகின்றன. நல்லதண்ணிப் பக்கம் மலையின் கிழக்குப் புறத்தில் இருப்பதால் காலை வெயில் நேராக முகத்தில் விழுகிறது. இரவெல்லாம் குளிரில் விறைத்திருந்த விரல்களுக்கு அந்த வெயில் எவ்வளவு இதமானது என்பதை அங்கே நடந்தவர்கள் அறிவார்கள்.

இறங்குபவருக்கு மூச்சு மிச்சமிருக்கிறது; ஆகவே பேச்சும் இருக்கிறது. பகலில் ஏறிவரும் சிங்கள யாத்திரிகர்கள் எதிர்ப்படும்போது ‘கருணாவாய்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அம்மலையின் வழக்கம். நாமும் சொன்னால் முகம் மலர்ந்து பதில் தருவார்கள். தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ‘அரோகரா’ வரும். பேரப்பிள்ளைகள் இருபுறமும் தாங்க, ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதங்களையும் வைத்து ஓய்ந்து இறங்கும் வெள்ளுடை மூதாட்டி ஒருவரைக் கடக்காமல் அவருக்குப் பின்னாலேயே நெடுநேரம் நடந்தேன். அவருடைய நடையில் அவசரமோ தடுமாற்றமோ இல்லை. மாடிப்படியில் நான் பயின்ற அதே மெதுவான இறக்கத்தை அவர் இயல்பாகவே செய்துகொண்டிருந்தார்.

வழிக்கடையில் ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும், கித்துள் பனைக் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டே குடிக்கும், பால் சேர்க்காத பிளேன்டீயும் இறங்கும்போதுதான் முழுச் சுவை தருகின்றன. ஏறும்போது வயிறு நிறைந்தால் கால் நகராது. அதனால் அப்போது அளந்துதான் உண்ண முடியும். அதற்குக் கீழே சீத கங்குல என்னும் குளிர்ந்த ஓடை. யாத்திரிகர்கள் மேலே போகுமுன் உடலைத் தூய்மைசெய்யும் புனித இடம் அது என்பதால், ஓரமாக நின்று முகத்தையும் பாதங்களையும் மட்டும் கழுவினேன். சுடும் உள்ளங்காலில் அந்த நீர் பட்டதும் மிச்சமிருந்த தூரம் பாதியாகக் குறைந்ததுபோல் இருந்தது.

ஜப்பானிய பௌத்த துறவிகள் எழுப்பிய வெண்ணிற அமைதித் தூபியைக் கடந்தால் படிகள் இடைவெளி விட்டு, பாதை தேயிலை மலைகளுக்குள் நுழைகிறது. பிரட்டு என்னும் காலை வேலைப் பிரிப்பு முடிந்து, கொழுந்து பறிக்கும் பெண்கள் தேயிலை நிரைகளுக்குள் இறங்கும் நேரம் அது. தூரத்தில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் மின்னுகிறது. பழைய மஸ்கெலியா நகரம் அதனடியில்தான் இருக்கிறது. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் காலங்களில் அங்கிருந்த வழிபாட்டுத் தலங்களின் சிதைவுகள் வெளியே தெரியும். இங்கே சற்று அமர்ந்து, வந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பதை நான் தவறவிடுவதில்லை.

மறுநாள் தொடையில் இறுக்கம் இருந்தது. ஆனால் கைப்பிடியைப் பிடிக்காமல் வீட்டுப் படிகளில் இறங்க முடிந்தது. முந்தைய பருவங்களில் அது நடந்ததில்லை. முழங்காலில் வலியில்லை. இடது பின்னங்காலில் மட்டும் பிடிப்பு இருந்ததால், அதற்கான பயிற்சியைச் சேர்க்க வேண்டும். யாத்திரைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை நீடிக்கிறது. அடுத்த பருவத்தில் நல்லதண்ணியில் ஏறி, இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தலைப் பாதையில் இறங்க எண்ணியிருக்கிறேன். அது இதைவிட நீண்ட, காடு அடர்ந்த இறக்கம். அதனால் மாடிப்படிப் பயிற்சியை இப்போதிருந்தே முதுகில் பையைச் சுமந்துகொண்டு செய்யத் தொடங்கியிருக்கிறேன்.