கடைத் தொலைபேசி எண்ணை இணையத்துக்கு மாற்றிய அனுபவம்

பினாங்கு லெபோ பாசாரில் மாமாவின் மளிகை மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறேன். கடைக்கு நான்கு லைன். தலைமை எண் பிஸியாக இருந்தால் அழைப்பு தானாக அடுத்த லைனுக்குப் போகும். அழைப்புகளைக் கடைக்குள் பிரித்துத் தரும் பிபிஎக்ஸ் பெட்டி மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அதில் எட்டு உள் இணைப்புகள். பட்டர்வொர்த்தில் கிடங்கு திறந்தபோது ஒன்பதாவது தேவைப்பட்டது. பெட்டியில் இடமில்லை, கூடுதல் கார்டு போடலாமென்றால் அந்த மாடலே இப்போது வருவதில்லை. சரி, இணையவழித் தொலைபேசிக்கே போய்விடலாம் என்று முடிவானது.

மாமா கேட்டது ஒன்றுதான்: "நம்பர் மாறாதுல்ல?" சுங்கைப் பட்டாணி, தைப்பிங் கடைக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண் அது. அதே எண்ணை சிப் ட்ரங்க்குக்கு (இணையம் வழியே வரும் தொலைபேசி லைன்) மாற்றித் தருவோம் என்று லைன் கொடுத்தவர்களிடம் எழுத்தில் வாங்கிய பிறகுதான் மற்றதில் கை வைத்தேன். புதியது ஓடி நிலைக்கும்வரை பழைய லைன் எதையும் வெட்டச் சொல்லாதீர்கள்.

அப்புறம், எந்த லைனில் என்ன தொங்குகிறது என்று கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். நான்காவதில் கிரெடிட் கார்டு மெஷினும் பேக்ஸும். மூன்றாவதில் திருட்டு அலாரம். அது அங்கே இருப்பது யாருக்குமே நினைவில்லை. மோடம் போட்டுப் பேசும் இந்தச் சாதனங்களை இணைய லைனில் நம்ப முடியாது. மெஷினையும் அலாரத்தையும் சிம் கார்டுக்கு மாற்றினோம். பேக்ஸை நிறுத்தியே விட்டோம்.

இணைய வேகம் போதுமா என்று பயந்தது வீண். ஓர் அழைப்பின் குரலுக்கு வினாடிக்கு 64 கிலோபிட். அதைக் கொண்டுசேர்க்கும் முகவரி போன்ற மேல்விவரங்களும் சேர்ந்து ஒவ்வொரு திசையிலும் 90-க்குள் அடங்கும். பத்துப் பேர் பேசினாலும் 1 மெகாபிட் ஆகாது. ஆனால் குரல் 20 மில்லி வினாடித் துண்டுகளாக, வினாடிக்கு 50 என்று போகிறது. அந்த வரிசை தடுமாறினால் பேச்சு உடைகிறது. எங்கள் கண்காணிப்பு கேமராக்கள் படத்தை மேலேற்றும் போதெல்லாம் அப்படித்தான் உடைந்தது. ரௌட்டரில் குரலுக்கு முதலிடம் கொடுத்ததும் சரியானது.

உண்மையில் வதைத்தது வேறொன்று. மூன்றாம் நாள் சுங்கைப் பட்டாணிப் பெரியவர் ஒருவர் அழைத்தார். நான் "ஹலோ, ஹலோ" என்கிறேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. வைத்துவிட்டேன். மறுபடி அழைத்தார், மறுபடி அதே கதை. மாலையில் மாமாவின் கைப்பேசிக்குப் பேசினார்: "நான் பாட்டுக்குப் பேசுறேன், தம்பி வச்சிடுறாப்ல. ஏதும் கோபமா?" முப்பது வருட வாடிக்கையாளர். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரௌட்டரில் 'சிப் ஏஎல்ஜி' என்றோர் அமைப்பு இருக்கிறது. உதவி செய்கிறேன் என்று அது அழைப்புக்குள் இருக்கும் முகவரியைத் திருத்தி எழுதுகிறது. அது தப்பாகப் போனால் எதிர்முனைக் குரல் நமக்கு வந்து சேராது. நம் குரல் மட்டும் போகும். அதை அணைத்ததும் பெரியவரை நானே கூப்பிட்டேன். மஞ்சள் 20 கிலோ, மல்லி 50 கிலோ என்று வழக்கம்போல அடுக்கினார். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

இன்னொன்று மின்சாரம். பழைய செப்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். கடை இருண்டாலும் போன் அடிக்கும். இப்போது ஃபைபர் பெட்டி, ரௌட்டர், நெட்வொர்க் ஸ்விட்ச் எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் போட்டோம். இணையமே போனால் அழைப்பு மாமாவின் கைப்பேசிக்குப் போகும்படியும் வைத்திருக்கிறோம்.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு நான்கு சேனலை, அதாவது ஒரே நேரத்தில் பேசக்கூடிய அழைப்புகளை, பத்தாக்கக் கேட்டேன். புதுக் கம்பி எதுவும் இழுக்கவில்லை, மறுநாளே வந்துவிட்டது. கிடங்கில் இருக்கும் அண்ணன் இப்போது 109 என்ற உள் எண்ணில் கிடைக்கிறார். பண்டிகை முடிந்ததும் மறுபடி நான்காகக் குறைத்துக்கொண்டோம்.