பூட்டிப் பகிர்தல்: வீட்டுக் கணினிகளுக்கிடையே சாம்பா அமைத்த அனுபவம்

எங்கள் வீட்டில் உபுண்டு லினக்ஸ் ஓடும் மேசைக் கணினி ஒன்றும், என் மனைவியும் மகளும் பயன்படுத்தும் விண்டோஸ் 11 மடிக்கணினிகளும் இருக்கின்றன. வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், வருமான வரிப் படிவங்கள், குடும்பப் படங்கள் எல்லாம் பென் டிரைவிலும் வாட்ஸ்அப்பிலுமாக அலைந்துகொண்டிருந்தன. அவற்றை மேசைக் கணினியில் ஒரே இடத்தில் சேர்த்து, வேண்டியவர் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி செய்வதற்காகச் சாம்பாவைத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸ் தன் கோப்புப் பகிர்வுக்குப் பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையை லினக்ஸிலும் கொண்டுவரும் மென்பொருள் அது. மடிக்கணினிகளில் புதிதாக எதையும் நிறுவத் தேவையில்லை என்பதே எனக்குப் பெரிய வசதியாகப் பட்டது.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வழிமுறைகள் பெரும்பாலும் ஒரே பாட்டைப் பாடுகின்றன: கடவுச்சொல் பாதுகாப்பை அணைத்துவிடுங்கள், பெயரும் கடவுச்சொல்லும் கேட்காத கெஸ்ட் அனுமதி கொடுங்கள், அப்படியும் பகிர்வு தெரியாவிட்டால் எஸ்எம்பி முதல் பதிப்பை இயக்குங்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்), அந்த முதல் பதிப்பைக் கையாளும் விண்டோஸ் நிரலில் இருந்த ஓட்டையின் வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும் பலர் நிறுவியிருக்கவில்லை. சாம்பாவும் 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதை இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறது. எங்கள் பழைய டிவிக்கு அந்த முதல் பதிப்பு மட்டுமே தெரியும் என்றாலும், டிவிக்காக வீட்டுப் பத்திரத்தைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை. திரைப்படங்கள் இருக்கும் கோப்புறையை மட்டும் டிவிகளுக்குப் படம் அனுப்பும் டிஎல்என்ஏ என்ற முறை வழியாகத் தனியே கொடுத்துவிட்டேன்.

“நம் வீட்டு வைஃபைதானே, இதற்கு ஏன் இத்தனை கெடுபிடி?” என்று வீட்டில் கேட்டார்கள். அந்த வைஃபையின் கடவுச்சொல் விடுமுறைக்கு வந்த உறவினர்களுக்கும் மகளின் தோழிகளுக்கும் தெரியும். விலை மலிவான கேமரா ஒன்றும் அதே வலையமைப்பில்தான் இருக்கிறது. ஆகவே வீட்டு வலையமைப்பைத் தெருவாகவே கருதி வேலையைத் தொடங்கினேன். விருந்தினர்களுக்கு ரவுட்டரில் தனி வைஃபை அமைத்து, கேமராவையும் அதற்கே மாற்றினேன். மேசைக் கணினிக்கு மாறாத ஐபி முகவரி ஒன்றை ஒதுக்கினேன். அதன் ஃபயர்வாலில் (இணைப்புகளை வடிகட்டும் காவல் அமைப்பில்), எஸ்எம்பி பயன்படுத்தும் வாசலான 445ஆம் போர்ட்டை எங்கள் உள் முகவரிகளுக்கு மட்டும் திறந்தேன்.

அடுத்தது பயனர் கணக்குகள். சாம்பாவில் ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் அவருக்கு லினக்ஸிலும் கணக்கு இருக்க வேண்டும். மனைவிக்கும் மகளுக்கும் கணக்கு உருவாக்கும்போதே உள்நுழையும் உரிமை இல்லாதபடி அமைத்துவிட்டதால், அவர்களுடைய பகிர்வுக் கடவுச்சொல் வெளியே போனாலும் அதை வைத்து யாரும் கணினிக்குள் நேரடியாக நுழைய முடியாது. ஒருவர் போட்ட கோப்பை மற்றவர் திருத்த முடியாமல் போவது லினக்ஸில் வழக்கமான தலைவலி. மூவரையும் ஒரே குழுவில் சேர்த்து, பொதுக் கோப்புறைக்கு 2770 என்று அனுமதி கொடுத்து (உள்ளே உருவாகும் கோப்புகள் குழுவுக்கே உரியவை ஆகும்), புதிதாக உருவாகும் கோப்புகளுக்கு 0660 அனுமதி (உரியவரும் குழுவினரும் படிக்கலாம், எழுதலாம்) கிடைக்கும்படி சாம்பாவின் அமைப்புக் கோப்பில் எழுதியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆவணக் கோப்புறையை மனைவியும் நானும் மட்டுமே திறக்க முடியும். அதுவும் மடிக்கணினிகளிலிருந்து படிக்க மட்டுமே. மடிக்கணினியில் ரான்சம்வேர் நுழைந்தால், எழுதும் உரிமையுள்ள பகிர்வுகளையும் அது சேர்த்தே பூட்டிவிடும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவில்லை.

கடவுச்சொல் கேட்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கடவுச்சொல் சரிபார்க்கப்பட்ட பின்னும், மறையாக்கம் (இடையில் எட்டிப்பார்ப்பவருக்குப் புரியாதபடி தரவை மாற்றி அனுப்புவது) இல்லையென்றால் கோப்பின் உள்ளடக்கம் வெறும் பைட்டுகளாகவே கம்பியில் போகிறது. எஸ்எம்பி மூன்றாம் பதிப்பிலிருந்துதான் மறையாக்கம் உண்டு. குறைந்தபட்சப் பதிப்பு மூன்று, மறையாக்கம் கட்டாயம் என்று இரண்டு வரிகளைச் சேர்த்தேன். இதற்கான சாவி கடவுச்சொல்லைக் கொண்டு நடக்கும் உள்நுழைவிலிருந்தே பிறப்பதால், கெஸ்ட் அனுமதியும் மறையாக்கமும் ஒன்றாக இருக்கவே முடியாது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரு சிறிய ஆங்கில உரைக்கோப்பை மடிக்கணினியிலிருந்து திறந்து, வலையமைப்பில் போகும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருள் வழியாக மேசைக் கணினியில் கவனித்தேன். முன்பு நான் எழுதிய வாக்கியம் பாக்கெட்டுக்குள் (தரவுத் துண்டுக்குள்) எழுத்துக்கு எழுத்து தெரிந்தது. பின்பு மறையாக்கப்பட்ட எஸ்எம்பி என்ற குறிப்பும் அர்த்தமற்ற எண்களுமே தெரிந்தன. சாம்பாவின் நிலை காட்டும் கட்டளையும் ஒவ்வோர் இணைப்புக்கு எதிரிலும் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையின் பெயரைக் காட்டியது. வேகம் குறைந்ததாக வீட்டில் யாரும் சொல்லவில்லை.

விண்டோஸ் பக்கம் அதிக வேலையில்லை, ஓரிடத்தைத் தவிர. ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயர்களில் இணைய விண்டோஸ் அனுமதிக்காது. சோதனைக்காக என் பெயரில் இணைத்துவிட்டு மகளின் பெயரில் நுழையப் பார்த்தால் 1219 என்ற பிழை வரும். பழைய இணைப்பைத் துண்டித்து, விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் இருக்கும் பெயரையும் நீக்கினால் சரியாகிவிடுகிறது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் எதிர்பாராத சிக்கல் ஒன்று உண்டு. மனைவியின் மடிக்கணினியில் முழு வாக்கியங்களையே பெயராகக் கொண்ட கட்டுரைக் கோப்புகள் சில இருந்தன. மற்றவை எல்லாம் நகலாக, இவை மட்டும் மறுத்தன. விண்டோஸ் வட்டில் கோப்புகளை வைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் பெயர் 255 குறிகள் வரை போகலாம். லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் இஎக்ஸ்டி4இலும் எல்லை 255தான், ஆனால் அது பைட் கணக்கு. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆகும். ‘தமிழ்’ என்று எழுதினால், உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், ஐந்து குறிகள், 15 பைட்டுகள். 85 குறிகளோடு இடம் முடிந்துவிடுகிறது. பெயர்களைச் சுருக்கியதும் அவையும் ஏறிவிட்டன.

வெளியூரிலிருந்தும் கோப்புகள் வேண்டும் என்று மகள் கேட்டபோது, ரவுட்டரில் 445ஐ இணையத்துக்குத் திறந்துவிடுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. மேசைக் கணினியில் வயர்கார்டு விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்கு வரும் மறையாக்கப்பட்ட தனிப் பாதை) அமைத்து, அதற்குரிய யுடிபி போர்ட்டை மட்டும் திறந்து, அவளுடைய மடிக்கணினிக்குத் தனிச் சாவி கொடுத்தேன். விடுதியிலிருந்து விபிஎன்னை இயக்கினால் அவளுக்கான கோப்புறைகள் தெரிகின்றன. ஆவணக் கோப்புறை அங்கேயும் அவளுக்குத் திறப்பதில்லை.