அவருக்குத் தெரியாததா?

பாறையில் இரண்டு கையும் வைத்துவிட்டேன். வலது கால் முதல் விளிம்பில் ஏறிவிட்டது. அப்போதுதான் பின்னாலிருந்து, நான் பாறையேறக் கூட்டிவந்த குழுவில் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணா, எங்களுக்குக் கட்டச் சொன்னப்போ கயிறு ரெண்டு தடவை சுத்தி வந்துச்சே. உங்களுக்கு ஒரு தடவைதானா?"

குனிந்து பார்த்தேன். கயிற்றில் ஒற்றை எட்டு போட்டிருந்தேன். நுனியை, இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டையான ஹார்னஸின் இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு இழுத்திருந்தேன். அத்தோடு நின்றிருந்தது. அந்த நுனி வந்த வழியே திரும்பிப் போய், எட்டின் மேல் இன்னொரு எட்டாகப் பின்னிக்கொண்டால்தான் அது முடிச்சு. அதுவரை அது ஊசியில் கோத்த நூல் மாதிரிதான். பாரம் விழுந்த கணத்தில் சரசரவென்று உருவிக்கொண்டு போயிருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். முடிச்சின் பாதியில் ஒரு பையன் ஹெல்மெட் வார் இறுக்கமாக இருக்கிறது என்றான். திரும்பி அதைச் சரிசெய்தேன். திரும்பி வந்தபோது கை செய்யாததை மனம் செய்து முடித்திருந்தது. அந்தப் பாதையில், கயிற்றை மாட்டப் பாறையில் அடித்திருக்கும் முதல் போல்ட் நாலு ஆள் உயரத்தில் இருந்தது. அங்கே போய்க் கயிற்றில் சாய்ந்து ஓய்வெடுப்பது என் வழக்கம்.

அந்தப் பெண் பாறைக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. எட்டு முடிச்சைக் கற்றுக்கொண்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் என்னோடு நாலைந்து முறை ஏறியவர்கள் இரண்டு பேர் எனக்கு நேர் எதிரே நின்றிருந்தார்கள். மாலையில் அவர்களில் ஒருவரிடம் கேட்டேன். "பார்த்தேன் சார். ஏதோ வித்தியாசமாத்தான் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்" என்றார்.

அவர் மரியாதையோடுதான் சொன்னார். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் வரும் தவறு என்று யாராவது சொன்னால் லின் ஹில்லைப் பற்றிச் சொல்வேன். உலகின் தலைசிறந்த பாறையேறிகளில் ஒருவர். 1989-இல் தெற்கு பிரான்சில் ஒரு பாறைச்சுவரில், கயிற்றை ஹார்னஸில் கோத்தவர் முடிச்சை முடிக்காமல் ஏறிவிட்டார். உச்சி வரை ஒரு சிக்கலும் இல்லை. இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தபோதுதான் அது உருவிக்கொண்டது. 20 மீட்டருக்கும் மேலிருந்து விழுந்தவரை மரக்கிளைகள் தாங்கியதால் பிழைத்தார். நாலே ஆண்டுகளில், 1993-இல், அமெரிக்காவில் யோசெமிட்டியின் எல் கேப்பிடன் மலைமுகத்தில் 'நோஸ்' பாதையைக் கைகால் பலத்தால் மட்டுமே ஏறி முடித்த முதல் ஆளும் அவர்தான். அத்தனை பெரிய ஆள் கட்டிய முடிச்சை யாருக்குச் சரிபார்க்கத் தோன்றும்?

பனிச்சரிவு விபத்துகளில் இதற்குப் பெயரே இருக்கிறது. இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் பனிமலைக்குப் போனவர்கள் சிக்கிய நூற்றுக்கணக்கான விபத்துகளை எடுத்து ஆராய்ந்தார். ஆபத்தின் அறிகுறிகள் கண்முன்னே இருந்தும் ஏன் போனார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. அவர் கண்ட காரணங்களில் ஒன்று, கூட்டத்தில் ஒருவரை நிபுணர் என்று மனதில் ஏற்றுக்கொண்டு, மற்றவர்கள் தங்கள் கண்ணை மூடிக்கொள்வது. நிபுணரின் தலைக்குப் பின்னால் தெரியும் ஒளிவட்டம் என்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிற என்னைப் போன்றவனுக்கு அந்த வட்டம் முதல் நாளே வந்துவிடுகிறது. சம்பாதிக்கவே வேண்டியதில்லை.

மலை உயர உயர இது இன்னும் மோசம். பாறையில் தவறு கண்ணுக்குத் தெரியும். உயரத்தில் வரும் நோய் உடம்புக்குள்ளே இருக்கும், அவர்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர் ஒரு பனிமலைப் பயணத்துக்கு வந்திருந்தார். நல்ல நடைக்காரர். 3,000 மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் தங்க வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு. அதை மீறவில்லை. 4,500 மீட்டரில் கூடாரம். விடியலுக்கு முன்னால் எல்லோரும் பூட்ஸுக்கு அடியில் க்ராம்பான் என்ற முள்தகட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் குனிந்தபடியே இருந்தார். கையுறையில் பிடி கிடைக்கவில்லை போல என்று நினைத்து விளக்கை அவர் பக்கம் திருப்பினேன். கையுறை கழற்றிக் கிடந்தது. வெறுங்கையால் வாரின் நுனியைப் பிடித்து வளையத்துக்குள் விடப் பார்க்கிறார். வளையத்துக்கு ஒரு விரல் தள்ளிப் போகிறது. எடுக்கிறார், மறுபடி விடுகிறார், மறுபடி அதே இடத்துக்குத் தள்ளிப் போகிறது.

"தலை வலிக்குதா?"

"கொஞ்சம்தான் சார்."

பனியில் ஒரு கோடு கிழித்து, குதிகாலையும் விரல்நுனியையும் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னேன். நாலாவது அடியில் என் தோள்மேல் சாய்ந்துவிட்டார். உயரத்தில் இப்படித் தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். டெக்ஸாமெத்தசோன் மருந்து கொடுக்கலாம், ஆக்ஸிஜன் கொடுக்கலாம். எதுவும் இறங்குவதற்கு ஈடாகாது. உடன் வந்த இன்னொரு வழிகாட்டியிடம் மற்றவர்களை விட்டுவிட்டு, அவரைக் கயிற்றில் பிணைத்துக்கொண்டு அப்போதே இறங்கினேன். 800 மீட்டர் கீழே வந்தபின், நண்பகல் வாக்கில், அவர் பேச்சு தெளிந்தது.

அப்போது சொன்னார். ராத்திரி முழுக்கக் குமட்டல், கண்ணை மூடவே முடியவில்லை. "ஏன் எழுப்பலை?" என்று கேட்டேன். "நேத்து சாயங்காலம் நீங்க என்னைப் பார்த்து 'நல்லா இருக்கீங்க, கவலையே இல்லை'ன்னு சொன்னீங்களே சார். அப்போ இது எல்லாருக்கும் வர்றதுதான் போலன்னு நினைச்சேன்."

கூடாரங்களைச் சுற்றி வரும்போது போகிற போக்கில் சொன்ன வார்த்தை அது. தைரியம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அவர் வாயை அடைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு யாரிடமும் "நல்லா இருக்கீங்க" என்று நானாகச் சொல்வதில்லை. "ராத்திரி எத்தனை தடவை முழிச்சீங்க? கடைசியா எப்போ சிறுநீர் போனீங்க?" என்று பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியாகக் கேட்கிறேன்.

வழிகாட்டியின் வாயும் அடைபட்டுப் போவதுண்டு. 1820-இல் ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் மலையில் வழிகாட்டிகளுக்கு மேலே போக மனமில்லை. வானிலை சரியில்லை. கூலிக்கு அமர்த்தியவர் விடவில்லை. பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் இறந்தார்கள். மறு வருடமே அடிவாரத்து ஷாமனி ஊரில் வழிகாட்டிகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அது இன்றும் இருக்கிறது. உச்சிக்குப் போயே தீர வேண்டும் என்று நிற்பவரிடம் "வேண்டாம்" என்று சொல்ல நானும் தாமதித்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இப்போது ஒவ்வொரு குழுவிடமும் முதல் காலை தரையில் நின்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இன்றைக்கு என்மேல் ஒரு தவறை நானே வைப்பேன், கண்டுபிடிக்க வேண்டியது உங்கள் வேலை. ஒருநாள் ஹார்னஸ் பக்கிள் பாதியில் தொங்கும். இன்னொரு நாள் கயிறு மாட்டும் கொக்கியான கேரபினரின் பூட்டு திறந்திருக்கும். தரையைத் தாண்டி இந்த விளையாட்டு ஒருபோதும் கிடையாது. கண்ணால் பார்ப்பது போதாது, தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். பக்கிள், முடிச்சு, கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிலே டிவைஸ், கேரபினர் பூட்டு, இந்த வரிசையில். சக வழிகாட்டிகள் சிலருக்கு இது பிடிக்கவில்லை, நம்பிக்கை குறைந்துவிடும் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. என்னைத் தொட்டுப் பார்த்துப் பழகியவர்கள்தான் மேலே போய், "கால் நடுங்குது, இறக்குங்க" என்று நேரத்தோடு சொல்கிறார்கள்.

சொல்லிவிட்டாலும் முதல் நாள் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. தொங்கும் பக்கிளைப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் காத்திருப்பேன்.

போன மாதம் ஒரு சின்னப் பையன், பன்னிரண்டு வயது இருக்கும். அன்றைய தவறைக் கண்டுபிடித்தாகிவிட்டது, சிரித்தாகிவிட்டது, நான் ஏறத் திரும்பிவிட்டேன். அவன் போகவில்லை. என் முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, மிச்சம் நீட்டியிருந்த கயிற்று நுனியைத் தன் உள்ளங்கையில் வைத்து அளந்தான். 15 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்று காலையில் சொல்லியிருந்தேன்.

"குட்டையா இருக்கு அண்ணா."

அது நான் வைத்த தவறு இல்லை. முடிச்சை முழுவதும் பிரித்து, முதலிலிருந்து கட்டினேன். அவன் மறுபடியும் அளந்து பார்த்துவிட்டு, "இப்ப போங்க" என்றான்.