தினம் நாலு லிட்டர்: ஒரு கடல்நீர்த் தொட்டியின் நாட்குறிப்பு

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டது. மாலையில் தொட்டி 29 டிகிரியைத் தாண்டியதும் மேலே மாட்டிய குட்டி மின்விசிறிகளை ஓடவிட்டேன். இரண்டு டிகிரி வரை இறக்கிவிடும். சும்மா இறக்காது, தண்ணீரைத் தின்றுதான் இறக்கும். ஒரு லிட்டர் ஆவியாகும்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைக் கூடவே கொண்டுபோகிறது. சென்னை வெயிலில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் எந்திரம் வாங்கி அதன் கரண்ட் பில்லையும் கட்டுவதைவிட இது எனக்குப் பிடித்த பேரம்.

மூன்றடித் தொட்டி, கீழே சம்ப், அதாவது தொட்டித் தண்ணீர் வந்து வடிகட்டப்பட்டுத் திரும்பும் அடித்தொட்டி. பாறை போக மொத்தம் 200 லிட்டர் தண்ணீர். கோடையில் நாளுக்கு 4 லிட்டர் போகிறது. தொட்டியில் மட்டம் இறங்குவது தெரியாது. குறைவதெல்லாம் சம்ப்பில், தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் மோட்டார் இருக்கும் கடைசி அறையில்தான். அந்த அறை 30க்கு 40 சென்டிமீட்டர் என்பதால் நாளுக்கு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்குகிறது. கவனிக்காமல் விட்டால் மோட்டார் காற்றை இழுக்கும்.

மே 7

நான் ஊரில் இல்லாதபோது அம்மாதான் தண்ணீர் ஊற்றுவார். இன்று கேட்டார்: “ஏம்ப்பா, உப்புத்தண்ணி குறைஞ்சா உப்புத்தண்ணிதானே ஊத்தணும்? நீ ஏன் நல்ல தண்ணி ஊத்தச் சொல்றே?”

கடல்நீர்த் தொட்டி வைக்கும் பலருக்கும் முதலில் வரும் கேள்வி இது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. மூன்று நாள் ஊற்றாமல் விட்டால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருந்த உப்பளவு 37-ஐத் தாண்டும். குறையக் குறைய உப்புத்தண்ணீரையே ஊற்றிவந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். கோமாளி மீன்கள் ஓரளவு தாங்கும். இறாலும் நத்தையும் இப்படி ஏறி இறங்குவதைப் பொறுக்காது. பவளம் என்னிடம் இல்லை. பாறை கட்டும் பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. கடையில் யார் எப்படி விற்றாலும் அந்தப் பக்கம் போவதாக இல்லை.

“அப்ப அதுவா ஊத்திக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிடேன், மேல்தொட்டிக்குப் போட்டிருக்கோமே” என்றார் அம்மா. சரிதான். ஏடிஓ (ஆட்டோ டாப் ஆஃப்) என்று எல்லோரும் சொல்லும் கருவி அதுவேதான்.

மே 11

மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய் வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒரு கடையில் ஃப்ளோட் ஸ்விட்ச் காட்டி, “இது போதும் சார், சிம்பிள்” என்றார். மிதவைக்குள் காந்தம், தண்டுக்குள் காந்தம் பட்டால் இயங்கும் ரீட் ஸ்விட்ச். மட்டம் இறங்கினால் மிதவை இறங்கும், கேனிலிருந்து தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடும். விலை சில நூறுதான். நல்ல தண்ணீரில் இதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. உப்புத்தண்ணீரில் தண்டைச் சுற்றி உப்புப் படியும், மிதவை சிக்கிக்கொள்ளும். நத்தை ஏறி உட்கார்ந்தால் அதன் எடையே மிதவையை அழுத்திவிடும். மோட்டாரின் கரண்டை ரிலே வைக்காமல் நேராக இதன் வழியே விட்டால் உள்ளே இருக்கும் தகடுகள் ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

இன்னொரு கடையில் ஆப்டிக்கல் சென்சார். அதன் முனை ஒரு சின்ன முப்பட்டகம். காற்றில் இருந்தால் அகச்சிவப்பு ஒளி உள்ளுக்குள்ளேயே திரும்பி வரும். தண்ணீர் தொட்டால் வெளியே கசிந்துவிடும். அசையும் பாகமே இல்லை. ஆனால் காற்றுக் குமிழி முனையில் ஒட்டினால், தண்ணீர் இருக்கும்போதே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் என் ஸ்கிம்மர் நுண்குமிழிகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும் ஆசாமி.

மேல்தொட்டிக்குப் போடும் மிதவை வால்வையே சின்ன அளவில் போட்டால், கரண்டே வேண்டாம். ஆனால் தண்ணீர் கேன் சம்ப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஹாலில் ஸ்டூல் போட்டு அதன்மேல் கேன் வைக்க வீட்டில் அனுமதி கிடைக்காது. அதோடு வால்வு மூடாமல் நின்றுபோனால் தடுக்க வேறு எதுவும் இல்லை.

மே 13

எந்த சென்சார் நல்லது என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. எல்லாமே ஒருநாள் பொய் சொல்லும். பொய் சொன்னால் எவ்வளவு தண்ணீர் உள்ளே போகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

50 லிட்டர் டிரம் வைத்து, மோட்டார் நிற்காமல் ஓடினால் உப்பளவு 35-இலிருந்து 28-க்கு இறங்கும். இறால் போய்விடும். அதே இடத்தில் 20 லிட்டர் பபிள் டாப் கேன் என்றால் 31.8. மோசம்தான், ஆனால் மறுநாளிலிருந்து மெல்லச் சரிசெய்யலாம். 20 லிட்டர் ஐந்து நாளுக்கு வரும். வாரக்கடைசி ஊருக்குப் போய்வர அது போதும். பெரிய டிரம்மில் கிடைக்கும் சோம்பேறித்தனம் எனக்கு வேண்டாம்.

இன்னொன்று: அந்த 20 லிட்டரும், கரண்ட் போனால் மீன் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரும் சேர்ந்து சம்ப்பில் அடங்க வேண்டும். மோட்டாரை நிறுத்தி அளந்தேன். நூலிழையில் அடங்குகிறது.

மே 18

டுன்சே ஆஸ்மோலேட்டர் 3155 என்று முடிவு செய்துவிட்டேன். ஜெர்மன் கருவி, பல ஆயிரம். ஆப்டிக்கல் சென்சார்தான் வேலை பார்க்கும். அதற்கு மேலே ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் காவலுக்கு. மோட்டார் தொடர்ந்து 10 நிமிடம் ஓடினால் தானே நிறுத்திவிட்டுக் கத்தும். டூயட்டோ என்ற கருவியில் இரண்டுமே ஆப்டிக்கல், இடத்தையும் அடைக்காது. எனக்கு இரண்டு காவலர்களும் ஒரே ஜாதியாக இருப்பதில் விருப்பமில்லை. குமிழி ஒன்றை ஏமாற்றினால் மற்றதையும் ஏமாற்றும்.

மே 24

மாட்டியாயிற்று. என் சம்ப் உயரத்துக்கு அந்த மோட்டார் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் தள்ளுகிறது. அப்படியென்றால் 10 நிமிடத்தில் 15 லிட்டர். ஆக, நேர வரம்பை மட்டும் நம்ப முடியாது. அதற்கு முன்பே மேலே உள்ள ஃப்ளோட் நிறுத்த வேண்டும். ஆப்டிக்கல் முனையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துச் சோதித்தேன். மட்டம் ஏறி, ஃப்ளோட் எழும்பி, மோட்டார் நின்று, அலாரம் அடித்தது. அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

குழாயின் வாயைச் சம்ப், கேன் இரண்டின் தண்ணீர் மட்டத்துக்கும் மேலே, காற்றில் கட்டியிருக்கிறேன். கேன் மட்டத்துக்குக் கீழே இருந்தால் மோட்டார் நின்ற பிறகும் தண்ணீர் தானாக வழிந்துகொண்டே இருக்கும். வாய் சம்ப் தண்ணீரில் முங்கி, கேன் தாழ்வாக இருந்தால் உப்புத்தண்ணீர் கேனுக்குத் திரும்பும். இரண்டையும் எந்த சென்சாராலும் தடுக்க முடியாது.

ஜூன் 1

கேனில் ஊற்றும் தண்ணீர் பற்றி. வீட்டு ஆர்ஓ எந்திரத்தில் டிடிஎஸ் (லிட்டரில் கரைந்திருப்பது, மில்லிகிராமில்) 80 காட்டுகிறது, சுவைக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலந்து தருவதால். குடிக்க நல்லது. தொட்டியில் அப்படியில்லை, தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், கூட வந்ததெல்லாம் தங்கிவிடும். நாலு லிட்டரில் தினம் 320 மில்லிகிராம், மாதம் பத்து கிராம் கிட்ட. உப்பளவில் அது தூசு. ஆனால் அதற்குள் சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் இருந்தால் கண்ணாடியில் பழுப்புப் பாசி. செம்பு இருந்தால் இறாலுக்கு விஷம். கலப்பதற்கு முன்னால் ஆர்ஓ குழாயில் ஒரு கிளை எடுத்து, மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குடுவை வழியாக விட்டேன். மீட்டரில் பூஜ்யம்.

ஜூன் 15

தண்ணீர் மாற்றும் நாள். முதல் வேலையாக ஏடிஓவின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். இல்லாவிட்டால் நான் உப்புத்தண்ணீரை எடுக்க எடுக்க அது நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கும். ஸ்கிம்மர் அதிகமாகப் பொங்கினாலும் இதே கதைதான்: கோப்பையில் வெளியேறுவது உப்புத்தண்ணீர், உள்ளே வருவது நல்ல தண்ணீர். அதனால் உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்கு ஓய்வு இல்லை. அதையும் 35 பிபிடி திரவத்தில் வைத்துச் சரிபார்க்கிறேன். நல்ல தண்ணீரில் பூஜ்யம் காட்டும் மீட்டர் 35-இல் தப்பாகக் காட்டலாம்.

கேனில் லிட்டர்க் கோடுகள் போட்டு, தினமும் காலையில் அம்மா காலண்டரில் எழுதிவைக்கிறார். வெயில் தணிந்து, மின்விசிறி ஓடாத நாட்களில் இரண்டரை. திடீரென்று ஆறு என்று எழுதினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். நேற்றைய கணக்கு 2.5, இன்று 2.6. அடுத்த ரெசினுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.