பானெட்டுக்கு அடியில்: மார்ச் 2022

3 மார்ச், வியாழன்

மருத்துவமனையில் குழாய் போட்டிருப்பதால் அப்பாவால் பேச முடியாது. இன்று தாளில் மூன்றே சொற்கள் எழுதினார்: "வண்டி எஃப்.சி. எப்போது?" இருபத்து மூன்றாம் தேதியோடு பதிவு முடிகிறது, அதற்குள் வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் காட்டிவிடலாம் என்றேன். தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

4 மார்ச், வெள்ளி

பொங்கலுக்குப் பிறகு இன்றுதான் பானெட்டைத் திறந்தேன். பேட்டரிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் எலி கூடு கட்டியிருக்கிறது: தேங்காய் நார், கிழித்த செய்தித்தாள், இருக்கையிலிருந்து உருவிய பஞ்சு, நான்கைந்து வேப்பங்கொட்டைகள். ஹாரனுக்குப் போகும் ஒயரில் ஒரு விரல் நீளத்துக்கு மேலுறையே இல்லை. மற்ற இடமெல்லாம் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து களிம்பாக அப்பியிருக்கிறது. அந்தக் களிம்புக்குள்தான் இஞ்சின் எண் இருக்கிறது. 1997ஆம் ஆண்டு மாருதி 800. எஃப்8பி என்று தொடங்கும் அந்த எண்ணைச் சோதனைக்கு வரும் அதிகாரி படித்தாக வேண்டும். விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஆர்.சி. புத்தகத்தில் கடைசிக்கு முந்தைய இலக்கம் 8 என்று இருக்கிறது. இஞ்சினில் அது 3 போலத் தெரிகிறது.

பானெட்டை மூடிவிட்டேன்.

5 மார்ச், சனி

எலியின் கழிவு இருக்கும் இடத்தைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது. உலர்ந்த கழிவு தூசியாகப் பறந்து மூக்கில் ஏறும். எலியின் சிறுநீர் பட்ட இடத்தில் வெறும் கையை வைத்தால் விரலில் உள்ள சிறு கீறல் வழியாகவே எலிக்காய்ச்சல் வரலாம். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே காவிரிப் பாலத்தைத் தினமும் இரண்டு முறை கடக்கும் நான், இந்த வீட்டிலிருந்து எந்தக் கிருமியையும் அந்தப் படுக்கையருகே கொண்டுபோகக் கூடாது. எனவே கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைக் கூட்டின் மேல் மெதுவாக ஊற்றி, நன்றாக ஊறவிட்டு, ஈரத்தோடு அப்படியே அள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்தினேன். அந்தக் கரைசல் அலுமினியத்தை அரித்துவிடும் என்பதால், பத்து நிமிடத்துக்குப் பிறகு பட்ட இடம் முழுவதையும் ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தெடுத்தேன்.

அது 3ஆ, 8ஆ?

6 மார்ச், ஞாயிறு

இரவு அப்பாவுக்குக் காய்ச்சல் 100.4 இருந்தது, விடியற்காலையில் இறங்கிவிட்டது.

8 மார்ச், செவ்வாய்

மெக்கானிக் பாய் வந்து ஹாரன் ஒயரை மாற்றிக் கொடுத்தார். எண்ணெய்க் களிம்பைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, டீசலை அடிச்சுக் காத்து விட்டா பத்து நிமிஷத்துல பளபளன்னு ஆயிடும், நானே செஞ்சு தர்றேன்" என்றார். அவர் அப்பாவின் வண்டியை இருபது ஆண்டுகளாகப் பார்ப்பவர். அவருடைய கையில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஆனாலும் வேண்டாம் என்றேன். டீசலும் மண்ணெண்ணெயும் களிம்பைக் கரைப்பது உண்மைதான், ஆனால் ரப்பர் குழாய்களையும் பெல்ட்டையும் ஊதிப் பதமிழக்கச் செய்துவிடும். பெட்ரோலின் ஆவியோ கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்துபோய், எங்கோ ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். எங்கள் ஷெட்டுக்கு அடுத்த சுவரில்தான் சமையலறை ஜன்னல் இருக்கிறது. தண்ணீரில் கரையும் டிகிரீசர் என்ற பிசுக்கு நீக்கும் மருந்து ஒரு லிட்டர் வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் பாய் சிறிது நேரம் யோசித்தார். "சரி, டெல்கோல மட்டும் தண்ணி போகாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை அவர் ஒருநாளும் வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை.

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிறது. பணம் எனக்குப் பொருட்டில்லை. அப்பா தேதி தவறியவர் அல்லர். 2012இலும் 2017இலும் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவைத்திருக்கிறார்.

9 மார்ச், புதன்

காலையில் அப்பாவிடம் இன்று பேட்டரியைக் கழற்றப் போகிறேன் என்றேன். பேனாவைக் கேட்டு வாங்கி, கை நடுங்க, "மைனஸ் முதலில்" என்று எழுதி, அடியில் இரண்டு முறை கோடிட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். சிறுவயதில் அவர் அருகில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்று கற்றதுதான். வண்டியின் உடல் முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. பிளஸை முதலில் தளர்த்தும்போது ஸ்பேனரின் மறுமுனை எங்காவது தகரத்தில் பட்டால் நேரடியாக ஷார்ட் ஆகும். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜனுக்கு அந்த ஒரு பொறி போதும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால், பிறகு ஸ்பேனர் தகரத்தில் பட்டாலும் கேடில்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து மைனஸைக் கழற்றினேன். அவர் எழுதிய தாளைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

பிளஸ் முனையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. பேட்டரியின் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு, வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் நுரைத்துப் பொங்கி, நுரை அடங்கியபோது ஈயம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. பேட்டரி சார்ஜ் ஏற்றக் கடைக்குப் போயிருக்கிறது.

10 மார்ச், வியாழன்

இன்று வண்டியைத் தொடவில்லை.

12 மார்ச், சனி

விடியற்காலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கினேன். மாசி வெயில் எட்டு மணிக்கே ஷெட்டுக்குள் வந்துவிடும். வெயிலில் டிகிரீசர் காய்ந்தால் கறை படியும். இஞ்சின் சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் இரும்பு விரிசல் விடலாம் என்பதும், சூடான சைலன்சர் குழாயில் மருந்து பட்டால் புகையும் என்பதும் பெரிய கவலைகள். இரண்டு மாதமாக ஓடாத வண்டியில் அந்தக் கவலை மட்டும் இல்லை.

கழுவிக் காயவைத்த பால் கவர்கள் ஏழு இருந்தன. டெல்கோ, இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, ஏர் கிளீனரின் வாய், கார்பரேட்டர், பிரேக் ஆயில் டப்பா என்று ஏழுக்கும் ஒவ்வொன்றாகப் போட்டு ரப்பர் வளையத்தால் கட்டினேன். கழற்றும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது என்பதற்காக எண்ணிக்கையைச் சுவரில் கரியால் எழுதினேன். ஆயில் மூடியும் டிப் ஸ்டிக்கும் இறுகியிருக்கின்றனவா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

முதலில் உலர்ந்த தூரிகையால் புழுதியை மட்டும் தட்டினேன். பிறகு கீழிருந்து மேலாக மருந்தைத் தெளித்து, ஐந்து நிமிடம் விட்டு, ஓரங்குலப் பெயின்ட் பிரஷாலும் பழைய பல்துலக்கியாலும் தேய்த்தேன். ரேடியேட்டரின் தகடுகள் விரல் பட்டாலே மடங்குபவை, அதனால் அங்கே பிரஷை மேலிருந்து கீழாக மட்டும் ஓட்டினேன். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கவே இல்லை. செடிக்குத் தெளிக்கும் கைப்பம்பில் மெல்லிய தூறலாக, மேலிருந்து கீழே கழுவினேன். இரண்டு வாளிக்கு மேல் செலவாகவில்லை. வழிந்த கறுப்புத் தண்ணீர் அம்மா வைத்த செம்பருத்தியின் வேருக்குப் போய்விடாதபடி, மரக்கடையிலிருந்து வாங்கிய மரத்தூளைச் சாக்கின் மேல் பரப்பியிருந்தேன். தண்ணீரை உறிஞ்சிய தூள் முழுவதையும் கட்டி ஒதுக்கியிருக்கிறேன்.

களிம்பு போன பிறகுதான் தெரிந்தது, இஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரின் ஓரத்தில் புது ஆயில் கசிந்துகொண்டிருக்கிறது. அழுக்கு அந்தக் கசிவை இத்தனை நாள் மறைத்திருக்கிறது.

13 மார்ச், ஞாயிறு

பிற்பகல் இரண்டு மணி. ஏழு கவர்களையும் எடுத்துச் சுவரில் இருந்த எண்ணோடு சரிபார்த்தேன். பேட்டரியைப் பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில் என்று மாட்டினேன். மூன்றாம் முறை சாவியைத் திருப்பியதும் பிடித்தது, ஆனால் வண்டி உடம்பெல்லாம் குலுங்கியது. மூன்று சிலிண்டரில் ஒன்று ஓடவில்லை. உடனே நிறுத்திவிட்டேன். கை நடுங்கியது. இதை நான் கெடுத்துவிட்டேன், அதை அவரிடம் எப்படிச் சொல்வேன், அவரால் திரும்பக் கேட்கக்கூட முடியாதே என்றெல்லாம் மனம் ஓடியது.

டெல்கோவின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உட்புறத்தில், குண்டூசித் தலை அளவில், வியர்வைபோல் நீர்த்துளிகள். கழுவிய தண்ணீர் உள்ளே போகவில்லை. வெளியில் ஒட்டிய ஈரத்தை நேற்று முழுவதும் வெயிலில் கட்டியே விட்ட கவர்தான் ஆவியாக்கி உள்ளே வியர்க்க வைத்திருக்கிறது. கழுவிய உடனே அவிழ்த்திருக்க வேண்டும். அப்பாவின் பழைய வேட்டித் துண்டால் ஒவ்வொரு முனையையும் துடைத்து, நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட வைத்து, மாட்டினேன்.

ஓடியது. மூன்றும் சேர்ந்து ஓடுகிற ஓசை எனக்குக் குழந்தையிலிருந்தே தெரியும். அதைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டுபோய் அப்பாவின் காதருகே வைத்தேன். முழுவதும் கேட்டார். பிறகு எழுதினார்: "ஆயில் பார்த்தாயா?"

15 மார்ச், செவ்வாய்

எண்ணைத் தேய்க்க உப்புத்தாளோ கம்பி பிரஷோ கூடாது. கீறல் விழுந்தால் திருத்திய எண் என்று சந்தேகப்படுவார்கள். மருந்தில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டு, வெள்ளைச் சுண்ணக்கட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து மேலே தேய்த்து, விரலால் வழித்துவிட்டேன். பள்ளங்களில் மட்டும் வெள்ளை நின்றது. அந்த இலக்கத்தின் இடது வளைவில் கல்போல் கெட்டித்த பிசுக்கு அடைந்திருந்தது. பல்குத்தும் குச்சியால் அதை நெம்பி எடுத்து மீண்டும் சுண்ணம் தேய்த்தேன்.

8.

16 மார்ச், புதன்

அப்பாவின் குழாயை நாளை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வண்டியைக் காட்டவும் நாளைதான் நாள் கிடைத்திருக்கிறது. டேப்பட் கவருக்குப் புது பேக்கிங் போட பாய் மாலை ஐந்து மணிக்கு வருகிறார்; அதற்குள் ஓரத்தில் கசிந்திருப்பதைத் துடைத்து, ஆயில் அளவைப் பார்த்துவைக்க வேண்டும்.